கஜா புயலில் தக்ளி நூற்றவள் சொல்வது: பஞ்சு, ஈரம், உப்பு, துரு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தக்ளி எடுத்து நூல் நூற்க உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வேதாரண்யம் பக்கத்தைப் புரட்டிப் போட்டபோது நான் வீட்டில் தனியாக இருந்தேன். கையில் ஒரு நூல் ஆர்டர் இருந்தது. புயலுக்கு முன்னால் அரிசி எடுத்து வைப்பதில் இருந்து செல்போனுக்கு சார்ஜ் ஏற்றுவது வரை ஊரில் எல்லாரும் எல்லாமும் சொன்னார்கள். பஞ்சும் நூலும் வைத்திருக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆளில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அக்கம்பக்கத்தில் நூற்கிறவர் யாரும் கிடையாது. கடைசியில் பணமாகப் போனது 4,500 ரூபாய். பிழிந்து போட்ட சேலை மாதிரி மனசு துவண்டு கிடந்த அந்த இரண்டு மாதத்துக்கு விலை போட முடியாது.

தக்ளி எனக்குச் சின்ன வயசிலேயே பழக்கம். நான் படித்த தொடக்கப் பள்ளியில் கைத்தொழில் வகுப்பு உண்டு. அடியில் பித்தளை வில்லை, நுனியில் கொக்கி வளைத்த இரும்புக் கம்பி, அவ்வளவுதான் தக்ளி. ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். கைத்தொழில் வழியாகவே பாடம் கற்பிக்க வேண்டும் என்று 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் மிச்சம் அது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் என்பதால், எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேச்சில் கதரும் நூலும் எப்போதும் வந்துபோகும். கல்யாணம், பிள்ளை, வயல் என்று ஆன பிறகு தக்ளி பெட்டிக்குள் போய்விட்டது. வீட்டுக்காரர் காலமாகி, பையனும் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, சாயங்காலம் கை சும்மா இருக்க முடியாமல் மறுபடி எடுத்தேன். அப்புறம் அதுவே சிறு வருமானமாகவும் ஆயிற்று.

அந்த வருஷம் வந்த ஆர்டர், துண்டு நெய்ய ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடும் இழைக்கு, அரைக் கிலோ நூல். சாயம் போடாத கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்திப் பஞ்சு, பத்தாம் நம்பர், பொங்கலுக்குள் தர வேண்டும். புதிதாக ஆர்டர் எடுக்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 840 கெஜ நூலை வளையமாகச் சுற்றிக் கட்டினால் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் அப்படிப் பத்துச் சிட்டம் நின்றால் அது பத்தாம் நம்பர். அரைக் கிலோ என்பது ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் கூட. ஆக 9,200 கெஜத்துக்கு மேல் நூற்க வேண்டும். பழகின கைக்கே தக்ளியில் மணிக்கு 100 கெஜம் வந்தால் நல்ல வேகம். அப்படியானால் நூற்பதற்கு மட்டும் 90 மணி நேரத்துக்கு மேல். சிட்டம் போடுவது, அலசுவது, காயவைப்பது எல்லாம் தனி. 1925-இல் காந்தி தொடங்கிய சர்க்கா சங்கத்தில் 'ஏ' வகுப்பு உறுப்பினராக இருக்க மாதம் 1,000 கெஜம் தானே நூற்றுச் சந்தாவாகக் கட்ட வேண்டும் என்று விதி இருந்தது. தக்ளியில் அதுவே பத்து மணி நேர வேலை. புரட்டாசியில் ஆரம்பித்து நிதானமாக நூற்றாலும் பொங்கலுக்குள் முடிந்துவிடும் என்பதுதான் என் கணக்கு. பஞ்சுக்கும், அதை வில்லால் கொட்டி, நூற்க வசதியாக நீளமாக உருட்டித் திரி போட்டதற்கும் 1,500 ரூபாய் செலவழித்தேன். முன்பணமாக 3,000 ரூபாய் வந்தது. அதை உடனே கொல்லைப் பக்கச் சுவருக்குப் போட்டுவிட்டேன்.

ஈரக் காற்றில் நூல் நன்றாக ஓடும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. டாக்கா மஸ்லின் என்ற மெல்லிய துணிக்கு நூற்ற பெண்கள் காற்றில் ஈரம் நிற்கும் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் உட்காருவார்களாம், பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரமும் வைத்துக்கொள்வார்களாம். கோயம்புத்தூர் மில்களிலும் நூற்கும் கூடத்தில் வேண்டுமென்றே காற்றை ஈரப்படுத்துகிறார்கள். வறண்ட காற்றில் இழை சிலிர்த்துக்கொண்டு பிரியும், படபடவென்று அறும். ஆனால் யாரும் சொல்லாத மறுபாதி ஒன்று இருக்கிறது. ஈரம் உதவுவது முறுக்கு ஏறும் இழைக்கு. திரிக்கு உதவாது. காற்று சாதாரணமாக இருக்கும்போதே நன்றாக உலர்ந்த 100 கிராம் பஞ்சு ஏழெட்டு கிராம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடைமழைக் காற்றில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். குடித்த பஞ்சில் இழைகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். இழுத்தால் சீராகப் பிரியாமல் கட்டி கட்டியாக வரும். கட்டி வந்த இடம் தடிக்கும், அதற்கு அடுத்த இடம் மெலிந்து அறுந்துபோகும். ஐப்பசியில் மழை பிடித்ததுமே எனக்கு இந்தத் தொல்லை தொடங்கிவிட்டது. முதலில் பஞ்சு மட்டமோ என்று விற்றவர்மேல் சந்தேகப்பட்டேன். பிறகு ஒருநாள் சாதம் வடித்து, அடுப்பை அணைத்து, தணலை எல்லாம் அள்ளிவிட்டு, சூடு மட்டும் மிஞ்சியிருந்த மேடையில் எவர்சில்வர் தூக்கைத் திறந்து வைத்து அதற்குள் திரிகளைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த அதே திரி வெண்ணெய் போல இழுபட்டது.

அதனால் மழைநாளில் தக்ளியைத் தொடும் முன் ஒரு திரியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அதில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். நுனியில் துளி பஞ்சை இரண்டு விரலால் மெதுவாக இழுத்தால் புகை மாதிரி விரிந்து வர வேண்டும், முடிச்சாக வரக் கூடாது. காயவைத்த திரியை இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் வைத்து, அந்த நேரத்துக்கு வேண்டிய நாலைந்தை மட்டும் வெளியே எடுத்தால் போதும். சூடு காட்டுகிறேன் என்று எரிகிற அடுப்புக்கு அருகில் மட்டும் பஞ்சைக் கொண்டுபோகாதீர்கள்.

புயல் வந்தது ஐப்பசி கடைசியில், நவம்பர் 15 இரவு. என் வீடு நாட்டு ஓடு போட்டது. பின்னால் சமையல்கட்டு மட்டும் கான்கிரீட் தளம். ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் இருக்கிறவர்கள் பொழுது சாயும் முன்பே முகாமுக்குப் போய்விட வேண்டும், அதில் இரண்டாம் யோசனையே வேண்டாம். தளம் இருக்கிறதே என்று நான் வீட்டிலேயே தங்கினேன். பஞ்சு மூட்டை பரண்மேல் துணிப் பையில் இருந்தது. பூச்சி, எலிக்குப் பயந்து எப்போதும் அங்கேதான் வைப்பேன். நூற்று முடித்த சிட்டங்கள் கூடத்துச் சுவர் ஆணியில் தொங்கின. தூக்கு நிறையத் திரியும் தக்ளியும் மட்டும் என்னோடு சமையல்கட்டுக்கு வந்தன.

மின்சாரம் முன்னிரவிலேயே போய்விட்டது. காற்று வடக்கே இருந்து அடிக்கத் தொடங்கியபோது தூங்க முடியாது என்று தெரிந்துவிட்டது. தக்ளியை எடுத்தேன். முதலில் நின்றுகொண்டு வழக்கம்போலத் தொங்கவிட்டுச் சுற்றினேன். கதவிடுக்கு வழியாக வந்த காற்றுக்குத் தக்ளி ஊஞ்சலாடியது, நூல் தாங்கவில்லை. அப்புறம் சுவரோரம் உட்கார்ந்து, ஒரு கொட்டாங்குச்சியைத் துணிமேல் நிமிர்த்தி வைத்து, அதன் குழிக்குள் தக்ளியின் கால் நிற்கும்படி சுழற்றினேன். தக்ளியின் எடையைக் கொட்டாங்குச்சி தாங்கிக்கொண்டதால் நூலுக்குப் பாரமில்லை. கருங்கண்ணி இழை ஓர் அங்குலம்கூட நீளம் வராது. அந்தக் குட்டை இழைக்குச் சாதாரண நாளிலேயே இந்த உட்கார்ந்த முறைதான் பொருத்தம், புயல் நாளில் வேறு வழியே இல்லை.

விளக்கு ஏற்றவில்லை. பஞ்சு இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் கூடவே கூடாது. டார்ச்சின் செல்லையும் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. இருட்டில் நூற்பது நினைக்கிற அளவு கஷ்டமில்லை. வலது கை கம்பியைச் சுண்டிவிடும். இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திரியைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். முறுக்கு மேலேறி வந்து விரல் நுனியில் முட்டுவது தெரியும். அந்த முட்டலுக்கு முன்னால் பஞ்சை விட்டுக்கொடுக்க வேண்டும், அதைத் தாண்டி முறுக்கு திரிக்குள் நுழைந்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். தடிப்பு வந்தால் விரலுக்கிடையில் எதிர்ப்பக்கம் உருட்டி முறுக்கைத் தளர்த்தி, கொஞ்சம் இழுத்தால் சரியாகிவிடும். பகலில் கண்ணை நம்பிச் செய்ததை விட அன்றைக்கு விரலை நம்பி நூற்றது சீராக இருந்தது என்பதை மறுநாள் பார்த்தபோது என்னாலேயே நம்ப முடியவில்லை.

நூற்றால் பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. வெளியே தென்னைகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் நூல் அறுந்தது. ஒட்டவைத்துவிட்டு மறுபடி சுழற்றினேன். வாய்விட்டு அழுதேன், அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஆனால் கை ஒரு வேலையில் இருந்ததால் எழுந்து கூடத்துப் பக்கம் ஓடாமல் இருந்த இடத்திலேயே இருந்தேன். நள்ளிரவுக்குப் பிறகு திடீரென்று காற்று ஓய்ந்தது. புயலின் கண் கடக்கும்போது அப்படித்தான் ஓயும், அதை நம்பி வெளியே வரக் கூடாது. சிறிது நேரத்தில் அதே காற்று தெற்கே இருந்து திரும்பி அடித்தது. ஓடுகள் பறந்தது இந்த இரண்டாவது காற்றில்தான். மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், இடையிடையே 120 வரை அடித்ததாகப் பிறகு சொன்னார்கள்.

விடிந்து பார்த்தால் கூடத்துக்கு மேலே வானம். பரண் மூட்டையில் தண்ணீர் சொட்டியது. சிட்டங்கள் தரையில் ஓட்டுச் சில்லுகளோடு கிடந்தன. புஷ்பவனம் பக்கமெல்லாம் கடல் சேறே ஊருக்குள் வந்து படிந்துவிட்டது. எங்கள் தெருவுக்குச் சேறு வரவில்லை, ஆனால் காற்றில் கடல் தண்ணீர் தூற்றலாக வந்திருக்கிறது. அது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. வெயில் வந்ததும் பஞ்சையும் சிட்டங்களையும் அலசாமல் அப்படியே கொடியில் உலர்த்தினேன். பகலில் காய்ந்ததாகத் தெரியும். சாயங்காலம் தொட்டால் மறுபடி சொதசொதவென்று இருக்கும். நாள் கணக்காக இப்படியே போனது. ஒருநாள் சந்தேகப்பட்டு ஒரு நூலை நாக்கில் வைத்தேன். கரித்தது. உப்பு தங்கிய பஞ்சு காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதை எத்தனை வெயிலில் போட்டாலும் காயாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். புயலில் நனைந்த நூலை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, அப்புறம் வெயிலில் போடுங்கள். நூலைத் தண்ணீரில் போடப் பயப்பட வேண்டாம். பருத்தி இழைக்கு நனைந்தால் பலம் கூடுமே தவிரக் குறையாது. கிணறும் கரித்துக் கிடந்தபோது, புயலுக்குப் பிறகு பெய்த மழையில் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் நான் பயன்படுத்தினேன். அலசிய சிட்டத்தின் அடியில் சின்ன எடை கட்டித் தொங்கவிட்டால் முறுக்கும் படிந்துவிடும்.

திரி போட்ட பஞ்சுக்கு இந்த வைத்தியம் செல்லாது. நனைந்த திரி அமுங்கிக் கட்டியாகிவிடும், மறுபடி வில்லால் கொட்டித்தான் திரி போட வேண்டும். பரண் பஞ்சைக் கொட்டலாம் என்று பிரித்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூசணம். வீட்டிலிருந்த சின்ன வில்லில் ஒரு கைப்பிடி கொட்டிப் பார்த்தேன். இருமல் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் விடவில்லை. பூசணம் பிடித்த பஞ்சு மக்கிப்போன வாடை அடிக்கும், இழை இழுத்தால் பொடிப்பொடியாக உதிரும். அதைக் காப்பாற்ற நினைக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன், 1,500 ரூபாயில் பெரும்பகுதி அந்தக் குழிக்குள் போனது.

மூன்றாவது தொல்லை துரு. ஈரமான நூலை இரும்புக் கம்பியில் சுற்றி இரவு முழுக்க விட்டால் காலையில் உள்சுற்று நூலில் செம்பழுப்புக் கறை இருக்கும். உப்பும் சேர்ந்தால் பித்தளை வில்லையும் பச்சை பூத்துவிடும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் கறை மங்கும், முழுக்கப் போகாது. அந்த இடத்தில் நூலும் பலம் குறைந்துவிடுகிறது. மழைக்காலத்தில் நூற்றதை அன்றன்றைக்கே கம்பியிலிருந்து இறக்கிச் சிட்டம் போட்டுவிட வேண்டும். கம்பியைத் துடைத்துத் துளி தேங்காயெண்ணெய் தடவி வைத்து, மறுநாள் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

என் தக்ளிக் கம்பி துருவில் சொரசொரப்பாகி நூலைப் பிடித்து இழுக்கத் தொடங்கியபோது, பழைய காலத்தில் மூங்கில் குச்சியிலும் உடைந்த ஓட்டிலும் தக்ளி செய்வார்கள் என்று பள்ளியில் வாத்தியார் சொன்னது நினைவுக்கு வந்தது. உடைந்த ஓட்டுக்கு அப்போது என் வீட்டில் என்ன குறை. தட்டையாக ஒரு சில்லைத் தேர்ந்து, அம்மிக்கல்லில் தண்ணீர் விட்டு உரசி உரசி பழைய ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய வட்டமாக்கினேன். நடுவில் ஆணி நுனியை வைத்துக் கையால் திருகினேன். ஒரே பக்கமாகத் துளைத்தால் சில்லு வெடித்துவிடும். பாதி வந்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கம் திருக வேண்டும். மூங்கில் பிளாச்சைச் சாண் நீளத்துக்குச் சீவி, ஓட்டுச் சில்லால் இழைத்து, மேல் நுனியில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து அதையே கொக்கியாக்கினேன். வட்டம் நடுவில் இல்லாமல் சாய்ந்திருந்தால் தக்ளி தலையாட்டும். கனமான பக்கத்தை மறுபடி உரசினால் நின்று சுழலும். துருப்பிடிக்காத அந்த மூங்கில் தக்ளியில்தான் மீதியை நூற்றேன். மழைக்காலத்துக்கு இன்றைக்கும் அதுதான்.

அந்த நேரத்தில் தெருவில் போன ஒரு தங்கச்சி எட்டிப் பார்த்து, "ஏங்க்கா, கூரைக்கு ஓடு இல்ல, ஒங்களுக்கு நூலு கேக்குதா?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். அவள் வீட்டில் மாமரம் எல்லாம் சாய்ந்து கிடந்தது. பதில் சொல்லத் தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். ஊரே மரத்தையும் படகையும் உப்பளத்தையும் இழந்து நிற்கும்போது கால் மூட்டை பஞ்சுக்காக அழுவது எனக்கே வெட்கமாக இருந்தது. கணக்கெடுக்க வந்தவர் வீட்டையும் மரங்களையும் எழுதிக்கொண்டார். பஞ்சு, நூல் என்றதும் பேனாவை மூடிவிட்டார். நம் வீட்டில் இருக்கும் பஞ்சுக்கும் நூலுக்கும் எடை போட்டு, விலைச் சீட்டோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. இழப்பீடு கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை, ஆனால் கையில் காட்ட ஒன்றும் இல்லாமல் நின்றது எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் வைத்திருந்த இடத்தில் காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் ஏற்றி, ஆர்டர் கொடுத்தவரிடம் நிலைமையைச் சொன்னேன். முதலில் "பத்திரமா இருங்கம்மா, நூல் மெதுவா வரட்டும்" என்றார். மார்கழியில் அவரே கூப்பிட்டு, பொங்கல் விற்பனைக்கு மேல் தள்ள முடியாது, இருப்பதை அனுப்புங்கள் என்றார். உப்பு அலசிய நூலும் துருக் கறை பட்ட நூலுமாக அனுப்பியது திரும்பி வந்தது. முன்பணம் 3,000 ரூபாயைப் பையனிடம் வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வியாபாரம். ஆனால் பையனிடம் கை நீட்டிய அன்று இரவு சாப்பிடவில்லை. திரும்பி வந்ததில் கறை படாத சிட்டங்களைப் பிரித்தெடுத்து, தையில் வெயில் ஏறிய பிறகு வேறு ஒரு நெசவாளருக்குக் கொடுத்தேன். கறை பட்டதை நாலு இழையாகச் சேர்த்து முறுக்கி மூட்டை தைக்கும் நூலாக்கினேன்.

இப்போது ஆவணியிலேயே வெயில் இருக்கும்போது பஞ்சைக் கொட்டித் திரி போட்டு, நன்றாகக் காயவைத்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் வாளிகளில் அடைத்துவிடுகிறேன். ஒரே வாளியில் எல்லாவற்றையும் வைப்பதில்லை. முடித்த சிட்டங்கள் பாலித்தீன் பையில் கட்டித் தளம் போட்ட அறையில் இருக்கும். நூலை எடைக்கு விற்கிறவர்கள் வெயிலில் காய்ந்த அன்றே எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மழைநாளில் போட்டால் தண்ணீரும் சேர்ந்து நிற்கும், வாங்கியவர் ஊரில் எடை குறைந்து உங்கள் பெயர் கெடும். முன்பணம் வாங்கினால் நூல் போய்ச் சேரும் வரை தொடாமல் தனியாக வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நூற்பதை ஆர்டர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பொங்கலுக்கு வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் ஆடிக்குள் சொல்லிவிடுங்கள் என்கிறேன். அதற்குப் பிறகு வந்தால் மாசிக் கடைசியில்தான் நூல், புயல் வந்தால் பங்குனி வரை போகும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று அவர்கள் பதில் போட்ட பிறகுதான் பஞ்சு வாங்கப் பணம் எடுக்கிறேன்.